கார் கேரியர் அலுவலகம் காகித எல்.ஆரை (லாரி ரசீதை) விட்டு மின் ஆவணத்துக்கு மாறுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து யார்டுகளில் புதுக் கார்களை ஏற்றி டீலர்களிடம் இறக்கும் டிரான்ஸ்போர்ட் அலுவலகங்களுக்காக எழுதப்பட்டது இது. பைக் ஏற்றும் கன்டெய்னர் லாரிக்கும், பொதுச் சரக்கு ஏற்றும் புக்கிங் ஆபீஸுக்கும் இதில் முக்கால்வாசி அப்படியே பொருந்தும்.

மாற நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் ஒரு செயலியை வாங்குகிறார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் செயலியும் ஓடும், எல்.ஆர். புத்தகமும் ஓடும், வேலை மட்டும் இரட்டிப்பாகியிருக்கும். செயலி நடுவில் வர வேண்டியது. அதற்கு முன்பே முடிக்க வேண்டிய வேலை நிறைய இருக்கிறது.

1. எல்.ஆர். செய்யும் வேலைகளைப் பிரித்து எழுதுங்கள்

ஒரே தாளில் நான்கு வேலை நடக்கிறது. சரக்கைப் பெற்றுக்கொண்டோம் என்பதற்கு அது ரசீது. என்ன நிபந்தனையில் கொண்டுபோகிறோம் என்பதற்கு ஒப்பந்தம். ஏற்றும்போது வண்டி எப்படி இருந்தது என்பதற்குப் பதிவு. டீலரின் கையெழுத்தும் முத்திரையும் விழுந்த பிறகு வாடகை வாங்குவதற்கான ஆதாரம். மின் முறையில் இந்த நான்கும் நான்கு இடங்களுக்குப் பிரிந்துவிடும்: மின் எல்.ஆர்., வாடிக்கையாளருடனான ஒப்பந்தம், படங்களோடு கூடிய பரிசோதனைப் பதிவு, மின் பி.ஓ.டி. (டெலிவரிச் சான்று). இதில் ஒன்றை மறந்தாலும் அதற்காக மட்டும் பழைய தாள் திரும்பி வரும்.

இ-வே பில் இந்த நான்கில் சேராது. அது சரக்கை அனுப்பும்போது இணையத்தில் போடும், வரித்துறைக்கான ஆவணம். இ-வே பில் போட்டுவிட்டோம், எல்.ஆர். எதற்கு என்று கேட்கும் புதியவர்கள் இரண்டையும் ஒன்றாக நினைக்கிறார்கள். சரக்கு கைமாறியதையும் அதன் நிலையையும் இ-வே பில் சொல்லாது.

2. வாடகை தரும் பிரிவிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்

மாற்றம் நின்றுபோவதற்கு அடிக்கடி காரணமாக இருப்பது தொழில்நுட்பம் இல்லை, பில் பாஸ் செய்யும் மேசை. வாடிக்கையாளரின் லாஜிஸ்டிக்ஸ் பிரிவு ‘மின் பி.ஓ.டி. போதும்’ என்று வாயால் சொல்லியிருக்கும். கணக்குப் பிரிவோ ‘முத்திரை போட்ட அசல் எங்கே?’ என்று கேட்கும். இரண்டு மாத வாடகை நின்றுவிட்டால் எந்த முதலாளியும் புத்தகத்துக்கே திரும்பிவிடுவார்.

அதனால் ஒப்பந்தத்தில் ஒரு இணைப்புப் பக்கம் சேருங்கள். அதில் நான்கு விஷயம் இருக்க வேண்டும்: மின் எல்.ஆர். ஏற்கப்படும், மின் பி.ஓ.டி.யின் அடிப்படையில் வாடகை வழங்கப்படும், சேதத்தை எத்தனை மணி நேரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும், கருத்து வேறுபாடு வந்தால் எந்தப் பதிவு செல்லும். இன்சூரன்ஸ் நிறுவனத்திடமும் மின் பி.ஓ.டி.யையும் படங்களையும் சேதக் கோரிக்கைக்கு ஏற்பார்களா என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

ஒருவகை எல்.ஆரை மட்டும் தொடவே வேண்டாம். வங்கி வழியாகப் பணம் வசூலாகும் சரக்கில், பெறுபவர் அசல் கன்சைனி காப்பியை (எல்.ஆரின் பெறுபவர் படியை) ஒப்படைத்தால்தான் டெலிவரி கொடுப்போம். அங்கே அந்தத் தாளே சரக்கின் சாவி. பெறுபவர் இடத்தில் ‘செல்ஃப்’ (அனுப்புபவரே) என்று போட்ட புக்கிங்கும் அப்படித்தான். புதுக் கார் ஏற்றுவதில் இது அரிது. ஆனால் அதே அலுவலகம் பொதுச் சரக்கும் புக் செய்தால் இதைக் காகிதத்திலேயே தனியாக வைத்திருங்கள்.

3. கணக்குகளும் கைபேசிகளும்

ஜி.எஸ்.டி. பதிவு உள்ள டிரான்ஸ்போர்ட்டுக்கு அதன் ஜி.எஸ்.டி. எண்தான் இ-வே பில் தளத்தில் டிரான்ஸ்போர்ட்டர் அடையாளம். பதிவு இல்லாதவர்கள் அந்தத் தளத்திலேயே பதிந்து 15 இலக்க டிரான்ஸ்போர்ட்டர் ஐ.டி. வாங்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட மாநிலங்களில் பதிவு இருந்தால், எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே எண்ணை வாங்கும் வசதியும் உண்டு. எந்த எண்ணைப் பயன்படுத்தப் போகிறோம் என்பதை முடிவு செய்து எல்லாக் கார் நிறுவனங்களுக்கும் ஒரே நாளில் அனுப்புங்கள். அவர்கள் இ-வே பில்லின் பாகம் ஏ (சரக்கு, இன்வாய்ஸ் விவரம்) போடும்போது பழைய எண்ணையோ வேறு மாநில எண்ணையோ போட்டுவிட்டால், உங்கள் கணக்கிலிருந்து பாகம் பி (வண்டி விவரம்) நிரப்ப முடியாது. இரவு 11 மணிக்கு, ஏற்றி முடித்த வண்டியோடு டிரைவர் காத்திருக்கும்போதுதான் அது தெரியவரும்.

கிளைக்கு ஒரு துணைப் பயனர் கணக்கு உருவாக்குங்கள். 2025 ஏப்ரல் 1 முதல் இரண்டடுக்கு உள்நுழைவு எல்லோருக்கும் கட்டாயம். கடவுச்சொல் போட்ட பிறகு ஓ.டி.பி.யும் வேண்டும். முதலாளியின் கைபேசிக்கு ஓ.டி.பி. போய், அவரை எழுப்பிக் கேட்கும் நிலை வந்தால் இரவு லோடிங் நின்றுவிடும். துணைப் பயனருக்கு அவரவர் எண்ணுக்கே ஓ.டி.பி. வரும். எஸ்.எம்.எஸ். தாமதமாகும் யார்டுகளில் ‘என்.ஐ.சி.–ஜி.எஸ்.டி.–ஷீல்டு’ செயலி கைகொடுக்கும். அது இணையம் இல்லாமலும் ஓ.டி.பி. காட்டும். கைபேசியின் நேரம் தானாகச் சரிசெய்துகொள்ளும் அமைப்பில் இருக்க வேண்டும். நேரம் பிசகினால் ஓ.டி.பி. ஏற்காது.

வண்டிக்கு ஒரு கைபேசி, அலுவலகப் பெயரில். டிரைவரின் சொந்தக் கைபேசியில் ஏற்றினால், அவர் வேலையை விட்டுப் போகும்போது படங்களும் போய்விடும். அவருடைய சொந்த டேட்டாவையும் நாம் தின்றுகொண்டிருப்போம், அது நியாயமில்லை. 6,000 எம்.ஏ.ஹெச். பேட்டரி, சுமாரான கேமரா, வண்டியிலேயே சார்ஜர், ஒரு பவர் பேங்க் போதும்.

4. எண்களைச் சுத்தம் செய்யுங்கள்

இந்தப் படி சலிப்பூட்டும். ஆனால் இங்கே விட்ட பிழைதான் பிறகு நெடுஞ்சாலையில் நிற்க வைக்கும்.

வண்டி எண்: இ-வே பில் தளம் வண்டி எண்ணை ‘வாகன்’ என்ற அரசு வாகனப் பதிவுத் தரவுத்தளத்தோடு ஒப்பிடுகிறது. ஆர்.சி.யில் ‘டி.என். 5 ஏ.பி. 123’ என்று இருந்தாலும், தளத்தில் ‘டிஎன்05ஏபி0123’ என்று பூஜ்யம் சேர்த்து, இடைவெளியும் கோடும் இல்லாமல் போட வேண்டும். எல்லா வண்டிகளையும் இப்படி ஒருமுறை எழுதி, செயலியில் ஏற்றிவிட்டுப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க மட்டும் அனுமதியுங்கள். கையால் தட்டச்சு செய்யவே விடாதீர்கள். தற்காலிகப் பதிவெண்ணில் தானே ஓடிப்போகும் சேஸிஸ்களுக்கு, உதாரணமாக ஓசூரிலிருந்து பாடி கட்ட கரூர் போகும் பஸ் சேஸிஸுக்கு, ‘டிஎம்’ என்று தொடங்கித் தற்காலிக எண்ணைப் போட வேண்டும்.

சேஸிஸ் எண்: 17 எழுத்து. அதில் ‘ஐ’, ‘ஓ’, ‘க்யூ’ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் வராது. எனவே ‘ஓ’ மாதிரி தெரிவது பூஜ்யம், ‘ஐ’ மாதிரி தெரிவது ஒன்று. செயலியில் இந்த மூன்றையும் தடுக்கும் சரிபார்ப்பைப் போடச் சொல்லுங்கள். பார்கோடு இருந்தால் ஸ்கேன் செய்வது இன்னும் நல்லது.

டீலர் பட்டியல்: பில் போடும் முகவரி ஒன்று, வண்டி இறங்கும் யார்டு இன்னொன்று என்பது கார் விற்பனையில் சகஜம். இரண்டு முகவரியையும், இரண்டு பின்கோடையும், இரவில் யார் வண்டி எடுப்பார் என்பதையும், இரண்டு கைபேசி எண்ணையும் டீலருக்கு ஒன்றாகப் பதியுங்கள். தூரம் பின்கோடை வைத்துத்தான் கணக்காகிறது. தளம் காட்டும் தூரத்துக்கு மேல் 10 சதவீதம் வரைதான் கூட்டிப் போட முடியும். பில் முகவரியின் பின்கோடு விழுந்துவிட்டால், தூரத்தை வைத்துக் கிடைக்கும் இ-வே பில்லின் செல்லுபடி நாட்களே குறைந்துபோகலாம்.

5. எல்.ஆர். எண் ஒன்றுதான் நூல்

பழைய புத்தகத்தில் கிளைக்குக் கிளை எண் திரும்ப வரும். மின் முறையில் ஒரே எண் இருமுறை வரவே கூடாது. கிளைக் குறி 3 எழுத்து, நிதியாண்டு 2 இலக்கம், தொடர் எண் 6 இலக்கம் என்று 11 எழுத்துக்குள் முடியுங்கள். இந்த எண்ணையே இ-வே பில்லின் பாகம் பி-யில் போக்குவரத்து ஆவண எண்ணாகப் போடப் போகிறோம். நீளமான எண்ணைத் தளம் ஏற்காது.

எல்.ஆரில் கட்டாயம் இருக்க வேண்டியவை: அனுப்புபவர், பெறுபவர் பெயர்கள், வண்டிப் பதிவெண், சரக்கு விவரம், மொத்த எடை, புறப்படும் இடம், சேரும் இடம், வரி கட்டப்போகிறவரின் ஜி.எஸ்.டி. எண். கார் ஏற்றுபவர்கள் எடையை விட்டுவிடுவார்கள். மாடலுக்கு ஒரு எடை என்று பட்டியலில் போட்டுவிட்டால் தானாக விழும். சேஸிஸ் எண், சாவிகளின் எண்ணிக்கை இரண்டையும் நாமாகச் சேர்க்க வேண்டும்.

சாலைவழிச் சரக்குச் சட்டம் 2007-இன்படி சரக்கு ரசீது மூன்று படியாகப் போடப்பட்டு, அசல் அனுப்புபவருக்குப் போக வேண்டும். மின் முறையிலும் இந்த மூன்று பேருக்கான படி என்ற ஒழுங்கை விடாதீர்கள்: எல்.ஆர். முடிந்த நொடியில் பூட்டிய பி.டி.எஃப். அனுப்புபவரின் மின்னஞ்சலுக்கும், பெறுபவருக்கும், அலுவலகச் சேமிப்புக்கும் ஒரே நேரத்தில் போக வேண்டும். பிறகு திருத்தம் வந்தால் பழையதை அழிக்காமல் ‘திருத்தம் 1’ என்று புதிதாகப் போடுங்கள். அழித்துத் திருத்தக்கூடிய எல்.ஆரை நாளைக்கு யாரும் நம்ப மாட்டார்கள்.

வாடகை பில்லுக்கு மின் இன்வாய்ஸ் எண் (அரசுத் தளத்தில் பில்லைப் பதிந்து பெறும் எண்) வேண்டுமா என்று பலரும் குழம்புகிறார்கள். சரக்குப் போக்குவரத்து நிறுவனங்களுக்கு அதில் விலக்கு உண்டு. காருக்குக் கார் நிறுவனம் போடும் இன்வாய்ஸ் வேறு, நம் வாடகை பில் வேறு.

6. ஏற்றும் முன் பரிசோதனைப் படங்கள்

காகிதத்தில் காரின் கோட்டுப்படம் இருக்கும். கீறல் இருந்தால் பேனாவால் வட்டம் போடுவார்கள். அந்த வட்டத்தை வைத்து எது புதுக் கீறல், எது பழையது என்று யாராலும் நிரூபிக்க முடிந்ததில்லை. மின் முறையால் டிரைவருக்குக் கிடைக்கும் பெரிய நன்மை இங்கேதான். சரியாகப் படம் எடுத்தவரின் சம்பளத்தில் செய்யாத சேதத்துக்குப் பிடித்தம் விழாது.

ஒரு காருக்கு 12 படம், இதே வரிசையில்:

– சேஸிஸ் எண். இதுதான் முதலில். அடுத்து வரும் படங்கள் எந்தக் காருடையவை என்பதை இது கட்டிப்போடும்.
– முன்பக்கத்தில் தொடங்கி வலமாகச் சுற்றி எட்டு: நான்கு பக்கம், நான்கு மூலை.
– கூரை. கேரியரின் மேல்தளச் சட்டம் உரசுவது இங்கேதான்.
– இக்னிஷன் போட்ட டேஷ்போர்டு. ஓடிய கிலோமீட்டர், எரிபொருள், எச்சரிக்கை விளக்கு மூன்றும் தெரிய வேண்டும்.
– டிக்கி: ஸ்பேர் சக்கரம், ஜாக்கி, டூல்ஸ், அவற்றோடு வைத்த சாவிகள்.

கட்டி முடித்த பிறகு மேல்தளத்துக்கு ஒன்று, கீழ்த்தளத்துக்கு ஒன்று. எட்டுக் கார் ஏற்றினால் மொத்தம் 98 படம். ஒரு படம் 3 எம்.பி. என்றால் ஏறக்குறைய 300 எம்.பி. யார்டில் சிக்னல் இருக்காது. ஆகவே இணையம் இல்லாதபோது கைபேசியில் சேமித்து, சிக்னல் வந்ததும் தானாக ஏற்றும் செயலிதான் வேண்டும். வாங்குமுன் ஏர்பிளேன் மோடில் போட்டு ஒரு காரை முழுதாகப் பதிந்து பாருங்கள். அதில் தோற்றால் வேறு எந்த வசதி இருந்தும் பயனில்லை.

இந்தப் படியில் நடக்கும் பிழைகள் நான்கு. முதலாவது, வாட்ஸ்அப்பில் அனுப்புவது. படமாக அனுப்பினால் அது சுருங்கும், எடுத்த நேரமும் இடமும் அடங்கிய உள்தகவலும் போய்விடும். வேறு வழியே இல்லையென்றால் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள். இரண்டாவது, கேலரியிலிருந்து படம் சேர்க்க அனுமதிப்பது. செயலியின் கேமராவில் எடுத்தது மட்டுமே ஏற வேண்டும். மூன்றாவது, தூசி. மழை பெய்து காய்ந்த காரில் நுண்கீறல் தெரியாது. துடைக்க அனுமதி இல்லாத யார்டில், ‘தூசி மூடியுள்ளது, மேற்பரப்பு முழுதாகப் பார்க்க இயலவில்லை’ என்ற குறிப்பைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்க வேண்டும். நான்காவது, கீறலைத் தூரத்திலிருந்து மட்டும் எடுப்பது. ஒரு மீட்டர் தூரத்தில் ஒன்று, விரலையோ அளவுகோலையோ பக்கத்தில் வைத்து அருகில் ஒன்று.

பைக் கன்டெய்னரில் இவ்வளவு படம் நடைமுறைக்கு ஆகாது. வரிசைக்கு இரண்டு படமும், வண்டிக்கு ஒரு சேஸிஸ் எண் ஸ்கேனும் போதும்.

7. பாகம் ஏ, பாகம் பி: வரிசை மாறினால் நாள் போகும்

சரக்கு மதிப்பு, வரி உட்பட, மாநிலம் தாண்டும்போது 50,000 ரூபாய்க்கு மேல் போனால் இ-வே பில் வேண்டும். தமிழ்நாட்டுக்குள்ளேயே என்றால் வரம்பு 1 லட்சம் ரூபாய். கார் எப்படியும் இந்த வரம்பைத் தாண்டிவிடும்.

பாகம் ஏ-யை வழக்கமாகக் கார் நிறுவனம் போடும். அது போட்ட நாளிலிருந்து 15 நாளுக்குள் பாகம் பி நிரப்பப்பட வேண்டும். பாகம் பி முதன்முதலில் நிரம்பும் நொடியில்தான் செல்லுபடிக் காலம் ஓடத் தொடங்கும். எனவே சரியான வரிசை இது: ஏற்றுதல், கட்டுதல், படங்கள், எல்.ஆர்., அதற்குப் பிறகு பாகம் பி, அதற்குப் பிறகு கேட்.

வேலை முன்கூட்டியே முடியட்டும் என்று காலையிலேயே பாகம் பி போட்டுவிடுகிறார்கள். மாலையில் கேரியர் மாறும், அல்லது லோடிங் மறுநாளுக்குத் தள்ளிப்போகும். ஒரு நாள் வீணாகும். மறுபக்கம், வண்டி கேட்டைத் தாண்டிய பிறகு போடலாம் என்று விடுவது இன்னும் ஆபத்து. பாகம் பி இல்லாமல் சாலையில் ஓடும் சரக்குக்கு இ-வே பில் இல்லை என்றுதான் பொருள். அனுப்புபவரின் இடத்திலிருந்து டிரான்ஸ்போர்ட்டரின் இடம் வரை, அதே மாநிலத்துக்குள் 50 கிலோமீட்டர் வரை மட்டும் பாகம் பி தேவையில்லை. யார்டிலிருந்து உங்கள் குடோனுக்குக் கொண்டுவந்து அங்கே மாற்றி ஏற்றுபவர்களுக்கு அது உதவும். யார்டிலிருந்து நேராக டீலரிடம் போகும் வண்டிக்கு உதவாது.

பாகம் பி போடுமுன் பாகம் ஏ-யில் மூன்றைப் பாருங்கள்: சேரும் இடத்தின் பின்கோடு, இன்வாய்ஸ் எண், பரிவர்த்தனை வகை. பில் ஒருவருக்கு, சரக்கு இன்னொரு இடத்துக்கு என்றால் ‘பில் டு – ஷிப் டு’ வகை வந்திருக்க வேண்டும். இ-வே பில்லைத் திருத்த முடியாது. 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்து புதிதாகத்தான் போட வேண்டும். அதிகாரி ஒருமுறை சரிபார்த்துவிட்டால் ரத்தும் செய்ய முடியாது.

பிழை என்ன விலை என்று ஊழியர்களுக்குக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். வரிக்கு முந்தைய மதிப்பு 6 லட்சம், வரி 18 சதவீதம் என்று வைத்தால் வரி 1,08,000 ரூபாய். ஆவணமின்றிப் பிடிபட்டால் ஜி.எஸ்.டி. சட்டத்தின் 129-ஆம் பிரிவில் அபராதம் வரியைப்போல் இருமடங்கு: ஒரு காருக்கே 2,16,000. அதே சமயம், வண்டி எண்ணில் ஒன்றிரண்டு எழுத்துப் பிழை, வரி மாறாத சிறு தவறு போன்றவற்றுக்கு மொத்தம் 1,000 ரூபாய் அபராதத்தோடு முடிக்க வேண்டும் என்று 2018 செப்டம்பர் 14 தேதியிட்ட ஜி.எஸ்.டி. 64-ஆம் சுற்றறிக்கை சொல்கிறது. அந்தச் சுற்றறிக்கையின் படி ஒன்று டிரைவரின் கைபேசியில் இருக்கட்டும்.

8. எட்டுக் காருக்கும் ஒரே எண்

ஒவ்வொரு காருக்கும் தனி இன்வாய்ஸ் என்பதால் எட்டு இ-வே பில் இருக்கும். தளத்தில் ‘ஒருங்கிணைந்த இ-வே பில்’ போட்டால் எட்டும் ஒரே எண்ணுக்குக் கீழ் வரும். சோதனையில் டிரைவர் அந்த ஒரு எண்ணைச் சொன்னால் போதும்.

ஆனால் ஒருங்கிணைந்த எண்ணுக்குத் தனியாகச் செல்லுபடிக் காலம் கிடையாது. உள்ளே இருக்கும் ஒவ்வொன்றுக்கும் அதனதன் காலம். 200 கிலோமீட்டருக்கு, அல்லது அதன் பகுதிக்கு, ஒரு நாள். முதல் நாள் என்பது பாகம் பி போட்ட தேதிக்கு அடுத்த நாளின் நள்ளிரவில் முடிகிறது. 470 கிலோமீட்டரில் இறங்கும் காருக்கு 3 நாள், 1,300 கிலோமீட்டரில் இறங்கும் காருக்கு 7 நாள். முதல் டீலரிடம் யார்டு நிரம்பி ஒரு நாள் காத்திருந்தால், முதலில் காலாவதியாவது அருகில் இறங்க வேண்டிய கார்தான். ஆகவே அலுவலகத் திரையில் பயணத்துக்கு ஒரு தேதி காட்டாமல் காருக்கு ஒரு தேதி காட்டுங்கள்.

9. டிரைவர் கையில் எது காகிதம், எது கைபேசி

இ-வே பில்லுக்கு எண் போதும், அச்சு வேண்டாம். இன்வாய்ஸ் அப்படியில்லை. மின் இன்வாய்ஸ் போட்டிருந்தால் அதன் க்யூ.ஆர். குறியீட்டைக் கைபேசியில் காட்டினாலே போதும் என்று ஜி.எஸ்.டி. விதி 138ஏ சொல்கிறது. மின் இன்வாய்ஸ் இல்லாத சரக்குக்கு, உதாரணமாக டெலிவரி சலானில் கிளையிலிருந்து கிளைக்குப் போகும் டெமோ காருக்கு, அந்தச் சலானின் அச்சுப் படி வண்டியில் இருந்தே ஆக வேண்டும். காகிதம் ஒழிந்தது என்று இதையும் நிறுத்திவிட்டு மாட்டிக்கொள்பவர்கள் உண்டு.

லைசென்ஸ், ஆர்.சி. போன்றவை அரசுச் செயலிகளான டிஜிலாக்கரிலோ எம்பரிவாகனிலோ இருந்தால் அசலுக்குச் சமம். அவற்றைப் போட்டோ எடுத்து வைப்பது சமமாகாது. இன்னொன்று: லைசென்ஸ் டிரைவரின் பெயரில் இருப்பதால் அவர் டிஜிலாக்கரில் வந்துவிடும். ஆர்.சி. நிறுவனத்தின் பெயரில் இருப்பதால் அவர் கணக்கில் தானாக வராது. வண்டிக் கைபேசியில் எம்பரிவாகனை அமைத்து, அது திறப்பதைப் பார்த்த பிறகே அசல் தாளை வண்டியிலிருந்து எடுங்கள்.

க்யூ.ஆர். கோப்புகளைக் கைபேசியில் இணையமின்றித் திறக்கும்படி ஒரே உறையில், இறக்கும் வரிசையில் அடுக்குங்கள். இரவில் பறக்கும் படை நிறுத்தும்போது 40 கோப்புகளுக்குள் டிரைவரைத் தேட விடக்கூடாது. ஒருங்கிணைந்த இ-வே பில்லின் ஒரு அச்சுப் படியைக் கதவுப் பையில் வைப்பதில் தவறில்லை. கைபேசி உடைந்தால் அது காப்பாற்றும்.

10. வழியில் நடப்பவை

வண்டி பழுதாகி வேறு கேரியரில் மாற்றினால், புது வண்டி நகருமுன் பாகம் பி-யில் புது எண்ணையும், மாற்றும் ஊரையும், காரணத்தையும் போடுங்கள். ஒருங்கிணைந்த எண்ணையும் புது வண்டிக்கு மீண்டும் உருவாக்க வேண்டும்.

காலாவதி நெருங்கினால் நீட்டிப்பதற்கான சாளரம், முடியும் நேரத்துக்கு 8 மணி முன்பிருந்து 8 மணி பின்பு வரை. 9-ஆம் தேதி நள்ளிரவில் முடிகிறது என்றால் அன்று மாலை 4 மணிக்குத் திறந்து மறுநாள் காலை 8 மணிக்கு மூடும். அந்த வேளையில் அலுவலகத்தில் ஆள் இருப்பதில்லை. மாலை 4 மணிக்கு ஒரு நினைவூட்டலும், இரவுப் பணியாளருக்கு ஒரு நினைவூட்டலும் வையுங்கள். நீட்டிக்க, வண்டி நிற்கும் இடத்தின் பின்கோடு, மீதித் தூரம், காரணம் தேவை. டிரைவர் இருப்பிடத்தை அனுப்பினால் பின்கோடு கிடைத்துவிடும். 8 மணி தாண்டினால் நீட்டிக்க வழியில்லை.

தளம் நின்றுபோனால், 2025 ஜூலை 1 முதல் செயல்படும் இரண்டாவது இ-வே பில் தளத்தைப் பயன்படுத்தலாம். இரண்டும் தரவைப் பகிர்ந்துகொள்கின்றன. இரண்டின் முகவரியையும் எல்லாக் கணினியிலும் சேமித்து வையுங்கள்.

11. இறக்கும் இடத்தில் மின் பி.ஓ.டி.

கட்டு அவிழ்க்கும் முன், கேரியரில் நிற்கும் நிலையில் தெரியும் பக்கங்களை எடுங்கள். இறக்கிய பின் அதே 12 படம், அதே வரிசையில். பயணத்தில் ஆனதா, இறக்கும்போது ஆனதா என்ற கேள்விக்கு இந்த இரண்டு தொகுப்புக்கும் உள்ள வித்தியாசமே பதில்.

யார்டு ஊழியர் காகிதத்தில் ‘பரிசோதனைக்கு உட்பட்டு’ என்று எழுதிக் கையெழுத்திடுவார். செயலியில் குறிப்பு எழுத இடமில்லை என்றால் கையெழுத்தே போட மாட்டார், டிரைவர் விடியும்வரை நிற்பார். குறிப்புக்கான இடம் கட்டாயம். அவர் எழுதிய குறிப்பைப் பிறகு நாம் மாற்ற முடியாதபடியும் இருக்க வேண்டும்.

திரையில் விரலால் போடும் கையெழுத்து, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 சொல்லும் மின் கையெழுத்தாகாது. சட்டம் ஏற்பது டிஜிட்டல் சான்றிதழ், ஆதார் இ-கையெழுத்து போன்றவற்றை. விரல் கையெழுத்தைத் தனியாக நம்பாமல், பெறுபவரின் பெயர், அவர் எண்ணுக்குப் போன ஓ.டி.பி., நேரம், இருப்பிடம், படங்கள் எல்லாவற்றையும் ஒரே பி.டி.எஃபில் சேர்த்துப் பூட்டி, டீலருக்கு அதே நிமிடம் மின்னஞ்சலில் அனுப்புங்கள். இத்தனையும் ஒன்றாக இருக்கும்போது மறுப்பது கடினம்.

ஓ.டி.பி. விஷயத்தில் ஒரு கண்டிப்பு வேண்டும். டீலரின் மேலாளர் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார், ஓ.டி.பி. அவருக்குப் போகும். வேலை நடக்கட்டும் என்று டிரைவர் தன் எண்ணையே போட்டுவிடுவார். அந்த பி.ஓ.டி. செல்லாக்காசு. இரண்டாவது எண்ணைப் பட்டியலில் வைத்திருக்கச் சொன்னது இதற்காகத்தான். நம் ஊழியர்கள் எவருடைய எண்ணையும் அந்த இடத்தில் செயலி ஏற்காதபடி தடுத்துவிடுங்கள்.

12. சேமிப்பு

ஜி.எஸ்.டி. கணக்குகளை ஆண்டறிக்கைக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். சரக்கு இழப்பு, சேதம் குறித்து வழக்குப் போடுமுன், புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் நமக்கு எழுத்து அறிவிப்பு தர வேண்டும் என்பது 2007 சட்டம். எனவே படங்களை அசல் தரத்தில் குறைந்தது ஒரு வருடம் வைத்து, அறிவிப்பு எதுவும் வராதவற்றை மட்டும் சுருக்கிச் சேமிக்கலாம். எல்.ஆர்., பி.ஓ.டி. கோப்புகளை முழுக் காலமும் வையுங்கள்.

வழக்கு என்று வந்தால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தின் (சாட்சியச் சட்டத்தின்) 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் மின் பதிவோடு சேர வேண்டும். அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பை (கோப்பு மாறினால் தானும் மாறிவிடும் அடையாளக் குறியை) குறிப்பிட வேண்டும். பதிவான அன்றே ஹாஷைக் கணக்கிட்டுத் தனியாகச் சேமிக்கும் செயலியாகக் கேட்டு வாங்குங்கள். செயலி நிறுவனத்தோடு உறவு முறிந்தால் எல்லாப் பதிவுகளையும் எந்த வடிவில், எத்தனை நாளில் தருவார்கள் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். மாதம் ஒருமுறை உங்கள் சொந்த வட்டில் ஒரு பிரதி எடுத்து, அதில் ஏதாவது ஒரு எல்.ஆரைத் திறந்து பாருங்கள்.

13. முதலில் பேனாவை நிறுத்துங்கள், பிறகு தாளை

ஒரு வாடிக்கையாளர், ஒரு வழித்தடம், இரண்டு கேரியர். இதில் மட்டும் தொடங்குங்கள்.

முதல் கட்டத்தில் கையால் எழுதுவதை நிறுத்தி, கணினியில் போட்ட எல்.ஆரை அச்சிட்டுக் கொடுங்கள். தாள் இருக்கும், தரவு ஒரே இடத்திலிருந்து வரும். இரண்டாம் கட்டத்தில் படங்களும் மின் பி.ஓ.டி.யும் சேரும். காகிதக் கையெழுத்தும் கூடவே தொடரும். தினமும் மாலை ஒருவர் இரண்டையும் வைத்து ஒப்பிட வேண்டும்: சேஸிஸ் எண், சாவி எண்ணிக்கை, சேதக் குறிப்பு, பெற்ற நேரம். புத்தகத்தைப் பார்த்துச் செயலியில் நிரப்பும் பழக்கம் இங்கே ஒட்டிக்கொள்ளும். நேர முத்திரை எல்லாம் மாலை 6 மணிக்கே விழுந்திருந்தால் அதுதான் நடக்கிறது என்று அறியலாம்.

தொடர்ந்து 30 பயணம் வேறுபாடு இல்லாமல் போய், அதில் ஒரு சேதக் கோரிக்கையாவது மின் பதிவைக் கொண்டே முடிந்து, ஒரு மாத வாடகை மின் பி.ஓ.டி.யின் பேரில் வங்கியில் விழுந்த பிறகு தாளை நிறுத்துங்கள். அலுவலகப் படி முதலில், டிரைவர் படி அடுத்து, அனுப்புபவரின் படி கடைசியில். மீதமுள்ள எல்.ஆர். புத்தகங்களின் எண்களைக் குறித்துக்கொண்டு, கிளைக்கு ஒரு புத்தகம் மட்டும் பூட்டிய அலமாரியில் வையுங்கள். தளமும் செயலியும் ஒரே நேரத்தில் நின்ற இரவுக்கு அது வேண்டும். அன்று எழுதிய எல்.ஆர்.களை மறுநாள் காலை 10 மணிக்குள், அதே காகித எண்ணோடு கணினியில் பதிந்துவிடுங்கள்.